மெடிசின் விண்ணப்பம்: முதலாவதாக யாழ்ப்பாணமா, கொழும்பா? வீட்டில் ஒரே சண்டை

ஒட்டுசுட்டான் அண்ணன் கேட்டது:

வணக்கம். தங்கச்சிக்கு உயர்தரம் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு வந்திருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டம். மாவட்ட நிலையும் நல்லது, மெடிசின் கட்டாயம் வரும் என்று படிப்பித்த சேர்மார் எல்லோரும் சொல்கிறார்கள். கம்பஸ் தெரிவுக்குப் பார்க்கிற இசட் புள்ளியை மட்டும் இங்கே போடக்கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஆகவே அதைக் கேட்காதீர்கள்.

பிரச்சினை விண்ணப்பத்தில்தான். எந்த மருத்துவபீடத்தை முதலாவது விருப்பமாகப் போடுவது? எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கம்பஸ் வாசல் மிதித்ததில்லை. நான் கலைப்பிரிவு எடுத்து இரண்டு தரம் எழுதியும் சரிவரவில்லை, இப்போது மாங்குளத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறேன். அப்பா வயலும் கச்சானும். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத வீடு என்றால் ஊரே வந்து ஆலோசனை சொல்லும் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அம்மா யாழ்ப்பாணம்தான் என்கிறா. விடியப் பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு முதல் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க நல்லூரில் சித்தி இருக்கிறா. அப்பா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் கொழும்பு என்ற சொல் காதில் விழுந்தால் எழும்பி மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். தங்கச்சிக்குக் கொழும்புதான் வேண்டுமாம், ஏன் என்று கேட்டால் அழுகிறாள். சுவிசில் இருக்கிற மாமா ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து, இங்கே கம்பஸ் தொடங்கும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காமல் சீனாவுக்கு அனுப்புங்கள், பாதிக் காசு நான் தருகிறேன் என்கிறார். மற்றப் பாதிக்கு வயலை ஈடு வைக்க வேண்டும்.

இதற்கிடையில் ரியூசன் சேர் ஒருவர் வேறு குண்டைப் போட்டிருக்கிறார். மட்டக்களப்புக்கு வெட்டுப்புள்ளி, அதாவது கடைசியாக எடுபடுகிற பிள்ளையின் புள்ளி, குறைவு, அதை முதலாவதாகப் போட்டால் பயமில்லை, கொழும்பை முதலாவதாகப் போட்டு அது கிடைக்காமல் போனால் யாழ்ப்பாணத்தில் அதை முதலாவதாகப் போட்ட பிள்ளைகளுக்குப் பிறகுதான் இவளைப் பார்ப்பார்களாம். இது உண்மையா? உண்மையென்றால் நாங்கள் ஆசைப்படவே கூடாது. இன்னொன்று, அவளுக்குச் சிங்களம் சுத்தமாகத் தெரியாது, ஆங்கிலமும் பாடப் புத்தக ஆங்கிலம்தான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விண்ணப்பம் அனுப்ப அதிக நாள் இல்லை.


வவுனியா ரைப்செற்றிங் எழுதியது:

தம்பி, முதலில் அந்தச் சேர் சொன்னதை மறந்துவிடு. வவுனியாவில் கடை வைத்துப் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு இந்த விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன், வருடா வருடம் இதே கதையோடு நாலு பேராவது வருவார்கள்.

பிள்ளைகளைத் தெரிவு செய்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முதலில் பார்ப்பது இசட் புள்ளியை. கூடின புள்ளிக்காரரை முதலில் எடுத்து, அவருடைய பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, எது எட்டுகிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். உன் தங்கச்சி யாழ்ப்பாணத்தை நாலாவதாகப் போட்டிருந்தாலும், அதை முதலாவதாகப் போட்ட ஆனால் அவளைவிடப் புள்ளி குறைந்த பிள்ளை அவளுக்கு முன்னால் போக முடியாது. ஆகவே ஆசைப்பட்டதை மேலே போடுவதால் கீழே இருப்பது கெட்டுப்போகாது. மாறாக, பயத்தில் மட்டக்களப்பை முதலாவதாகப் போட்டால் மட்டக்களப்புத்தான் வரும், கொழும்புக்குப் புள்ளி காணும் என்று பிறகு தெரிந்தாலும் யாரையும் நோக முடியாது. நீ கேட்டது அதுதானே என்பார்கள்.

அடுத்தது இந்த வெட்டுப்புள்ளி. கொழும்பு, கம்பகா போன்ற பெரிய மாவட்டங்களுக்குப் போன வருட வெட்டுப்புள்ளி ஓரளவுக்கு வழி காட்டும். எங்களுக்குக் காட்டாது. 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. ஆனால் மாவட்டப் பங்கு சனத்தொகையைப் பார்த்துத்தான், முல்லைத்தீவின் சனத்தொகை உனக்குத் தெரியும். மெடிசினுக்குப் போகிற பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். அந்தச் சிலர் நாடு முழுக்க உள்ள பீடங்களுக்குப் பிரிந்து போனால் ஒரு பீடத்துக்கு ஒரு ஆள், சிலதுக்கு ஒருவருமில்லை. வெட்டுப்புள்ளி அட்டவணையை எடுத்து முல்லைத்தீவுக்கு நேரே பார், கன இடத்தில் என்கியூசி என்றுதான் இருக்கும், அந்த முறை அங்கே அந்த மாவட்டத்திலிருந்து ஆள் எடுபடவில்லை என்று அர்த்தம். இலக்கம் இருக்கிற கட்டத்திலும் அது யாரோ ஒரு பிள்ளையின் புள்ளியாக இருக்கலாம். அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தைக் கேட்டிருந்தால் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய இலக்கம் விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இது கஷ்டம், அது லேசு என்று ஒழுங்கு போடுவது சாத்திரம் கேட்பது மாதிரி.

ஒரு எச்சரிக்கை. மெடிசின்தான் வேண்டும் என்றால் எல்லா மருத்துவபீடங்களையும் மேலே ஒரே தொடராகப் போடு, பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் எல்லாம் அதற்குக் கீழே. நடுவில் ஒன்றைச் செருகினால் அது எட்டும் இடத்தில் தெரிவு நின்றுவிடும், கீழே இருக்கிற மெடிசினைப் பார்க்கவே மாட்டார்கள். ஒரு பிள்ளை அப்படிச் செய்துவிட்டு வந்து என் கடை வாசலில் இருந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு பீடத்தின் படிப்புக்கும் உள்ள குறியீட்டை, யூனி கோட் என்பார்கள், ஒன்றுக்கு இரண்டு தரம் ஆணைக்குழுவின் கைநூலோடு சரிபார்.


பரந்தன் சந்தி எழுதியது:

கொழும்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 1870 இல் தொடங்கிய இடம், பக்கத்திலேயே தேசிய வைத்தியசாலை, நாட்டில் உள்ள எல்லா வருத்தமும் அங்கேதான் வந்து சேரும். கிடைக்கிறவர்கள் விடமாட்டார்கள்.


புதுக்குடியிருப்பு அக்கா எழுதியது:

பரந்தன் தம்பி சொன்னதில் பிழையில்லை, ஆனால் வைத்தியசாலையில் நோயாளர் நிறைய இருப்பதும் எங்கள் பிள்ளை அவர்களிடமிருந்து படிப்பதும் ஒன்றல்ல. நான் இப்போது வன்னியில் ஒரு ஆதார வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். முகாமிலிருந்து வெளியே வந்து உயர்தரம் எழுதி, தெற்கில் ஒரு மருத்துவபீடத்துக்குப் போனேன். எது என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்லப் போகிறேன்.

முதல் இரண்டு வருடம் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிரிரசாயனம். அதற்குச் சிங்களம் தேவையில்லை, ஆங்கிலம்தான் ஆளை வாட்டும். விரிவுரை முடிந்து வந்து ஒரு பக்கத்தை அகராதியோடு இரவு பன்னிரண்டு மணிவரை வாசித்திருக்கிறேன். ஆனால் அது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் வந்த வினை இல்லை, அம்பாந்தோட்டையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் வந்த சிங்களப் பிள்ளைகளும் என்னோடு சேர்ந்துதான் முழித்தார்கள். எந்தப் பீடத்துக்குப் போனாலும் இந்தக் கஷ்டம் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். (மானிப்பாயில் கிறீன் வைத்தியர் நூற்றைம்பது வருடத்துக்கு முதல் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், அதற்கென்று புத்தகங்களையே மொழிபெயர்த்து வைத்தார் என்று வாசித்தபோது எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதீர்கள்.)

சிங்களம் கழுத்தைப் பிடிப்பது வார்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு. நோயாளியிடம் வரலாறு கேட்டு எழுத வேண்டும், எங்கே நோகிறது, எப்போதிருந்து, சாப்பிட்டால் கூடுமா குறையுமா என்று. "கொஹெத ரிதென்னே" என்று நான் கேட்கப் பழகிவிட்டேன், மறுமொழிதான் விளங்காது. முதல் கிழமை சத்திரசிகிச்சை வார்டில் ஒரு ஐயா "படகினியி, படகினியி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பட என்றால் வயிறு, கினி என்றால் நெருப்பு என்று எனக்குத் தெரியும், சந்தோசத்தோடு மேல்வயிற்றில் கடும் எரிவு என்று எழுதிக்கொண்டு போய்க் கொன்சல்டன்ட் முன்னால் வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மகள், அந்த மனிசனுக்கு இன்றைக்கு ஒப்பரேசன், விடியத் தொடங்கி ஒன்றும் சாப்பிடவில்லை, அவருக்குப் பசிக்கிறது என்றார். வார்டே சிரித்தது. ஐயாவும் சிரித்தார்.

அன்றைக்குப் பின்னேரமே கூடப் படித்த ஒரு சிங்களப் பிள்ளையைப் பிடித்தேன், நீ எனக்குச் சிங்களம் சொல்லித் தா, நான் உனக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன் என்று. ஆறேழு மாதத்தில் சமாளிக்கத் தொடங்கினேன். இன்றைக்கு மணலாற்றுப் பக்கத்திலிருந்து வருகிற சிங்கள நோயாளரோடு நான்தான் கதைப்பது, மற்ற டொக்டர்மார் என்னைத் தேடுவார்கள்.

கெட்டது பகிடிவதை. முதல் மூன்று மாதம் நான் பட்டதை இங்கே எழுத விருப்பமில்லை. 1998 இல் பகிடிவதைக்கு எதிராகச் சட்டமே வந்துவிட்டது, எழுத்தில் சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. முறையிடப் போனபோது அங்கே இருந்தவர் கொஞ்ச நாள் பொறுங்கள், சரியாகிவிடும் என்றார். உண்மையாகவே கொஞ்ச நாளில் நின்றுவிட்டது, ஆனாலும் அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. இது தெற்கு வடக்கு என்று பார்க்காது, தங்கச்சி எங்கே போனாலும் ஆரைத் தொடர்புகொள்வது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கட்டும்.

ஒரு விசயம் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள். கடைசிப் பரீட்சையில் எல்லா அரச மருத்துவபீடங்களுக்கும் பொதுவான பல்தேர்வு வினாத்தாள் இருக்கிறது, அதை வைத்து ஒரே தரவரிசை. உள்ளகப் பயிற்சிக்கு எந்த வைத்தியசாலை என்பதை அந்த வரிசைப்படிதான் தெரிவு செய்யலாம். பிறகு விசேட வைத்தியராக வர வேண்டும் என்றால் கொழும்பில் இருக்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பரீட்சை, அதுவும் எல்லோருக்கும் ஒன்றுதான். கொழும்பில் படித்தவர் என்று அங்கே யாரும் கதிரை இழுத்துப் போடுவதில்லை. ஆகவே பேரைப் பார்த்து முடிவெடுக்காமல், இந்தப் பிள்ளை ஐந்து வருடம் எங்கே இருந்தால் உடைந்துபோகாமல் படிப்பாள் என்று பாருங்கள். சில பிள்ளைகள் வீட்டுக்குக் கிட்ட இருந்தால்தான் படிக்கும், சிலது வீட்டைவிட்டுத் தூரப் போனால்தான் படிக்கும். உங்கள் தங்கச்சி எந்த வகை என்று எனக்குத் தெரியாது, ஏன் கொழும்பு என்று கேட்டால் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அழுகிறவளிடம் எல்லோருக்கும் முன்னால் கேட்டால் எப்படிச் சொல்லுவாள்? தனியே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.


ஆடியபாதம் வீதி எழுதியது:

நான் யாழ்ப்பாணம் மருத்துவபீடம், கிளிநொச்சிப் பெடியன். புதுக்குடியிருப்பு அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

யாழ்ப்பாணம் என்றால் முழுக்கத் தமிழ்ப் பிள்ளைகள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள், எங்கள் பட்ச்சில் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிறையப் பேர். அவர்கள் போதனா வைத்தியசாலையில் தமிழ் நோயாளரிடம் வரலாறு எடுக்கும்போது படுகிற பாடு, அக்கா படகினியோடு பட்டதேதான், மறுபக்கமிருந்து. ஒருத்தன் ஒரு ஆச்சியிடம் என்ன செய்கிறது என்று கேட்க, ஆச்சி "ஒரே உலைவாக் கிடக்கு ராசா" என்றா. உலைவுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று என்னிடம் கேட்டான், எனக்கும் தெரியவில்லை. அலுப்பா, தலைச்சுற்றா, மனக்கவலையா? ஆச்சியிடமே பத்து நிமிசம் இருந்து கேட்டுத்தான் பிடித்தோம். தாய்மொழியில் நோயாளியோடு அப்படி இருந்து கதைக்கக் கிடைப்பது சின்ன விசயமில்லை, வார்டில் எங்களுக்கு முதல் நாளிலிருந்தே கை கால் வழங்குவது அதனால்தான்.

1978 இல் தொடங்கின பீடம், சண்டைக் காலம் முழுக்கக் கரண்ட் இல்லாமல், ஆசிரியர் இல்லாமல், 95 இடப்பெயர்வையும் கண்டு, அப்படியும் டொக்டர்களை வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. இப்போது யாரும் இதை இரண்டாந்தரம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும், ஆகவே நான் பக்கச்சார்பானவன், அதையும் கணக்கில் எடுங்கள்.

செலவு கேட்டால், அரச பீடம் எதிலும் படிப்புக்குக் கட்டணமில்லை. காசு போவது சாப்பாடு, போடிங், போக்குவரத்து, லப்டொப், பிறகு ஸ்டெதஸ்கோப். முதல் வருடம் தூர இடத்துப் பிள்ளைகளுக்கு விடுதி பார்த்துக் கொடுப்பார்கள், நடுவில் வெளியே போடிங் எடுக்க வேண்டி வரலாம். மகாபொல புலமைப்பரிசில் அல்லது உதவிப்பணம் ஒன்று கிடைக்கும், விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் அதை மட்டும் நம்பி மாதம் ஓடாது. புத்தகம், எலும்பு எதுவும் புதிதாக வாங்க வேண்டாம், சீனியர்மாரிடம் கைமாறி வரும். எனக்கு வந்த தொடையெலும்பு எத்தனை பட்ச் கண்டதோ, மினுமினுவென்று வாங்கு மாதிரி இருக்கிறது.


செட்டிகுளத்தான் எழுதியது:

சீனாக் கதைக்கு யாரும் மறுமொழி எழுதவில்லை, நான் எழுதுகிறேன். என் அக்கா மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். போகும்போது மாலை போட்டு அனுப்பினோம், வந்த பிறகுதான் தெரியும் கதை.

வெளியே படித்தால் இங்கே நேரே வேலை செய்ய முடியாது. முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்க வேண்டும், இது காசு கட்ட முதல் பார்க்க வேண்டிய விசயம், முகவர் சொல்வதை நம்பக் கூடாது. எங்களிடம் வந்த முகவர் எல்லாம் சரி, எல்லாம் சரி என்றுதான் சொன்னார். அடுத்தது ஈஆர்பிஎம் என்ற பரீட்சை, முந்தி அக்ட் 16 என்பார்கள். அது சித்தியடைந்தால்தான் உள்ளகப் பயிற்சி. மருமகன் முதல் தரத்தில் போகவில்லை. திரும்ப எழுதி, பிறகு நியமனத்துக்குக் காத்திருந்து, அவனோடு படித்து இங்கே அரச பீடம் போன பிள்ளைகள் வேலை தொடங்கி நாளாகிவிட்டது. இப்போது நல்ல டொக்டர், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்கு இங்கே இடம் கிடைக்காததால் போனான். இங்கே இலவசமாக இடம் கிடைக்கிற பிள்ளையை வயலை ஈடு வைத்து அனுப்புவது என்ன புத்தி? மாமாவுக்குக் காசு கூடிவிட்டது என்றால் பிள்ளைக்கு லப்டொப் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.


ஒட்டுசுட்டான் அண்ணன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரைப்செற்றிங் அண்ணா, நீங்கள் எழுதியதைச் சேருக்குக் காட்டினேன், அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு அப்படியா என்றார். செட்டிகுளத்து ஐயா எழுதியதை மாமாவுக்கு அனுப்பினேன், நீல ரிக் விழுந்திருக்கிறது, மறுமொழி இல்லை.

இன்னும் ஒரு கேள்வி. யாழ்ப்பாணம், கொழும்பு என்ற இரண்டையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். அநுராதபுரம் எங்களுக்குக் கிட்ட என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். பேராதனையும் இருக்கிறது. மட்டக்களப்பைச் சேர் சொன்னதற்காக மட்டும் ஒதுக்குவது சரியா?


வவுனியா ரைப்செற்றிங் எழுதியது:

அநுராதபுரம் வவுனியா ஆட்களுக்கு வாசல்படி, அறுபது கிலோமீற்றர்கூட இல்லை. பீடம் சாலியபுரவில், ரஜரட்ட பல்கலைக்கழகம், 2006 இல் தொடங்கினது. நீ மாங்குளத்தில் ரெயின் ஏறினால் நேரே அநுராதபுரம். யாழ்ப்பாணம் போகிற நேரம்தான் வரும். ஆனால் வார்டில் முழுக்கச் சிங்களம்.

குளியாப்பிட்டி, இரத்தினபுரி, மொறட்டுவ எல்லாம் அண்மையில் வந்த பீடங்கள். புதுப் பீடம் என்றால் கூடாது என்று இல்லை, நீ ஒழுங்கு போடும்போது கடைசியில் அவையும் இருக்கட்டும், ஒன்றையும் விட்டுவிடாதே.


பிள்ளையாரடி எழுதியது:

மட்டக்களப்பை ஏதோ பயத்துக்குப் போடுகிற இடம் மாதிரிக் கதைக்கிறீர்கள், எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். நான் மன்னாரிலிருந்து வந்து இங்கே படித்தேன். சின்னப் பீடம், ஆசிரியருக்கு எங்கள் ஒவ்வொருவரின் பேரும் தெரியும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். போதனா வைத்தியசாலையில் தமிழும் முஸ்லிமும், எல்லோரும் தமிழ் கதைக்கிற நோயாளர். ஆனால் தமிழ் என்று நம்பிப் போய் முதல் மாதம் நானும் முழித்தேன், படுவான்கரையிலிருந்து வருகிற ஐயாமாரின் தமிழ் வேறு, காத்தான்குடி உம்மாமாரின் தமிழ் வேறு. குறை என்றால் தூரம். முல்லைத்தீவிலிருந்து வந்து போவது லேசில்லை, பெரிய விடுமுறைக்குத்தான் வீடு.

பேராதனை 1962 இல் தொடங்கினது, இடம் அழகு, குளிர், கண்டியிலும் பேராதனையிலும் இரண்டு பெரிய வைத்தியசாலை. மலையகத் தமிழ் நோயாளரும் வருவார்கள், ஆகவே முழுக்கச் சிங்களம் தெரியாமலும் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று அங்கே படித்த சிநேகிதி சொல்லுவாள்.


புதுக்குடியிருப்பு அக்கா எழுதியது:

தம்பி, தங்கச்சியோடு கதைத்தீர்களா?


ஒட்டுசுட்டான் அண்ணன் எழுதியது:

கதைத்தேன் அக்கா. நேற்று மோட்டார் சைக்கிளில் முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகும்வழியில் ஒன்றும் கதைக்கவில்லை. கட்டில் இருந்து கச்சான் உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னாள்.

யாழ்ப்பாணம் போனால் சித்தி வீட்டில்தான் நிற்க வேண்டும் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாவாம். சித்தி வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு அறை, சித்தப்பாவின் ரீவி பத்து மணிவரை. உயர்தரத்துக்கு முதல் ஒரு மாதம் கருத்தரங்குக்கு அங்கே நின்றபோது குசினிக்குள் இருந்துதான் படித்தாளாம், எங்களிடம் சொல்லவில்லை. கொழும்பு என்று அவள் அழுதது கொழும்புக்காகவே இல்லை. விடுதியில் ஒரு கட்டிலும் மேசையும் கிடைத்தால் யாழ்ப்பாணம் என்றாலும் சரிதானாம், ஆனால் அதைச் சொன்னால் சித்தியோடு கோபம் வரும் என்று கொழும்பைச் சொன்னாளாம். நான் ஒன்றரை மாதமாகத் தேசிய வைத்தியசாலையையும் வெட்டுப்புள்ளியையும் பற்றி ஊரெல்லாம் விசாரித்திருக்கிறேன்.

ஆடியபாதம் வீதித் தம்பி, முதல் வருடம் விடுதி கிடைப்பது பற்றி உங்களிடம் தனியே கேட்க வேண்டும், குறை நினைக்காதீர்கள்.


ஆடியபாதம் வீதி எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள் அண்ணா. விடுதி விண்ணப்பத்தில் வீட்டு முகவரியைத்தான் பார்ப்பார்கள், ஒட்டுசுட்டான் என்றால் தூரம் என்பது எவருக்கும் விளங்கும். சித்தி வீட்டை அதில் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.


புதுக்குடியிருப்பு அக்கா எழுதியது:

அப்படியென்றால் ஒழுங்கை அவளே எழுதட்டும். ஒன்று மட்டும், எந்தப் பீடம் வந்தாலும் தொடங்கும்வரை இருக்கிற மாதங்களைச் சும்மா விட வேண்டாம். ஆங்கிலம் ஒரு பக்கம், சிங்களம் ஒரு பக்கம். யாழ்ப்பாணத்தில் படித்தாலும் உள்ளகப் பயிற்சியும் பிறகு வருகிற நியமனமும் எங்கே விழும் என்று தெரியாது. மாங்குளத்தில் சிங்களம் தெரிந்த ஆள் இல்லாமலா போகும்?


ஒட்டுசுட்டான் அண்ணன் எழுதியது:

இருக்கிறார் அக்கா. எங்கள் கடைக்குச் சீமெந்து கொண்டுவருகிற லொறிக்காரர் குருநாகல் ஆள், தமிழும் கதைப்பார். கிழமையில் இரண்டு நாள் வருவார், லொறி இறக்கும் நேரம் அவள் கொப்பியோடு வந்து நிற்கிறாள், அவரும் கூலி கேட்காமல் சொல்லிக்கொடுக்கிறார், எழுத்துப் படிப்பிக்கத் தனக்கு வராது, கதைக்க மட்டும்தான் என்கிறார்.

ஒழுங்கு போட்டுவிட்டாள். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, மட்டக்களப்பு, அநுராதபுரம், பிறகு மற்றவை எல்லாம். விடுதி விசயத்தை அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, யாழ்ப்பாணம் முதலாவது என்பதிலேயே அவ சந்தோசமாக இருக்கிறா, அது இரண்டு நாள் இருக்கட்டும்.

புதுக்குடியிருப்பு அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அப்பா அன்றைக்கும் நடுவிலேயே எழும்பி மாட்டடிக்குப் போய்விட்டார். நேற்று இரவு வயலால் வந்து கால் கழுவிவிட்டுக் குசினி வாசலில் நின்று, அம்மாவைப் பார்த்துப் படகினி என்றார்.